காவலைத் தளர்த்தி வாழ்பவர்கள்

தென்காசியிலிருந்து மலையோரமாக வடக்கே சென்றால் பண்பொழி, அச்சன்புதூர் வட்டாரத்தில் வருகிற ஊர் வடகரை. மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை. அதற்கு மேல் காடு. காட்டுக்கு அப்பால் கேரளம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. புது மாவட்டத்தின் அலுவலகங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டி நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன, 2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது.

வடகரையில் என் அண்ணனின் வீடு. மதினிக்கு 2013இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவருடைய தாயார். அன்று முதல் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவர் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், சிறிதளவு பிரெட்னிசோலோன். மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான்: உடலின் நோயெதிர்ப்பைத் தணித்து வைப்பது. தணிக்காவிட்டால், தாயின் சிறுநீரகத்தை மகளின் உடல் அந்நியப் பொருளாகக் கருதி அழித்துவிடும்.

அந்த ஏப்ரலில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு செய்தார்கள். நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள், கபசுரக் குடிநீர் அருந்துங்கள் என்று. மாநில அரசின் 'ஆரோக்கியம்' திட்டமும் அந்த மாதத்தில் தொடங்கியதுதான். தொலைபேசியில் பேசும்போது மதினி கேட்டார்: "எல்லாரையும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டச் சொல்லுதாங்க. நான் அதைக் குறைக்கதுக்குல்லா மாத்திரை முழுங்குதேன். நான் எந்தக் கணக்குல வருவேன் தம்பி?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. பின்னர் தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

*

ஒருவரின் உறுப்பை இன்னொருவருக்குப் பொருத்துவதில் தையல் வேலை ஒரு பெரிய தடையல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரத்தக் குழாய்களை இணைக்கும் கலை கைவந்துவிட்டது. தடை வேறிடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டிப் பார்த்த பீட்டர் மெடாவர், அத்தோல் உதிர்வதற்குக் காரணம் உடலின் நோயெதிர்ப்பே என்று காட்டினார். இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதல் முறையைவிட விரைவாக உதிர்ந்தது. உடல் நினைவில் வைத்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராமல் காக்கும் அதே நினைவுதான் இதுவும்.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடையே நடந்தது. அங்கே உடலுக்கு அந்நியம் தெரியவில்லை. இரட்டையர் அல்லாதவருக்கு என்ன வழி? முழு உடலையும் எக்ஸ்-கதிரில் காட்டி நோயெதிர்ப்பை அடக்கிப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். பலர் கிருமித் தொற்றால். காவலை முற்றாக நீக்கினால் திருடன் வருவான் என்ற பாடத்தை மருத்துவம் அப்படித்தான் கற்றது. அதன்பின் நிகழ்ந்த வரலாறு முழுவதும், எந்த அளவுக்குத் தளர்த்தலாம் என்ற கேள்வியின் வரலாறு.

1948இல் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார். படுக்கையிலிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஸ்டீராய்டு மருந்துகளின் காலம் அங்கே தொடங்குகிறது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய்க்கென ஆக்கிய மருந்தொன்றின் வழித்தோன்றல் அசதயோபிரின். அதை 1962இல் மர்ரே பயன்படுத்தியபோது, இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் ஓராண்டுக்கும் மேல் வேலை செய்தது. அடுத்த ஆண்டில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் அசதயோபிரினோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டார்.

பிறகு வந்தவை மண்ணிலிருந்து வந்தவை. நார்வேயின் மேட்டு நிலத்திலிருந்து சாண்டோஸ் நிறுவன ஊழியர் எடுத்துவந்த மண்ணில் கிடைத்த பூஞ்சை, சைக்ளோஸ்போரினைத் தந்தது. 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானின் சுகுபா மண்ணில் 1984இல் கண்டெடுக்கப்பட்ட நுண்ணுயிர் தந்தது டாக்ரோலிமஸ். ஈஸ்டர் தீவுக்கு 1964இல் சென்ற கனடியக் குழு கொண்டுவந்த மண்ணிலிருந்து வந்தது ராபமைசின். தீவின் பெயரான ராபா நூயியே மருந்தின் பெயரிலும் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் சுரேந்திர நாத் சேகல், பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1980களின் தொடக்கத்தில் அவருடைய மாண்ட்ரியல் ஆய்வகத்தை நிறுவனம் மூடியபோது, அந்த நுண்ணுயிரை வீட்டுக்கு எடுத்துச்சென்று உறைபெட்டியில் பாதுகாத்தார் என்பது மருந்து வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதை. 1999இல் அம்மருந்து அனுமதி பெற்றது. மைக்கோபினோலிக் அமிலமோ இன்னும் பழையது. 1893இல் இத்தாலியர் பார்த்தலோமியோ கோசியோ, பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் கண்டது. நூறாண்டுகள் காத்திருந்து அது மாற்று உறுப்புக்கான மருந்தாயிற்று.

*

தமிழ்நாட்டில் இந்த வரலாறு வேலூரில் தொடங்குகிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மோகன் ராவ், கே.வி. ஜானி ஆகிய மருத்துவர்கள் 1971இல் செய்ததே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று எனப்படுகிறது. ஆனால் பாஸ்டனில் இல்லாத ஒரு சிக்கல் வேலூரில் இருந்தது: காசநோய். நம் நாட்டில் எத்தனையோ பேரின் உடலுக்குள் அக்கிருமி அரவமின்றி உறங்கிக்கொண்டிருக்கிறது. நோயெதிர்ப்பைத் தளர்த்தியதும் அது விழித்துக்கொள்ளும். காசநோயின் முக்கிய மருந்தான ரிபாம்பிசினோ, சைக்ளோஸ்போரினைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்துவிடும். எனவே நோயாளி சைக்ளோஸ்போரினைப் பன்மடங்கு வாங்க வேண்டும். ஏழைக்கு அது இயலாது. உறுப்பைக் காக்கும் மருந்தும் உயிரைக் காக்கும் மருந்தும் முரண்பட்டு நின்ற நெருக்கடியை நம் மருத்துவர்கள் பெருந்தொற்றுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குச் சிறுநீரகத்தின் பெயரால் ஓர் அவப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2008இல் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை அரசே ஒழுங்குபடுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் விபத்தில் இறந்த மகனின் உறுப்புகளைத் தானமாக அளித்த மருத்துவத் தம்பதியின் செயல் தமிழகத்தை உலுக்கியது நினைவிருக்கலாம். மாற்று உறுப்போடு வாழ்பவர்கள் அதன்பின் சிற்றூர்களிலும் தென்படலாயினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1918இன் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, மருந்தால் நோயெதிர்ப்பைத் தணித்துக்கொண்ட மனிதர் என்று ஒருவர்கூட உலகில் இல்லை. 1957இல் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் இருந்தனர். 1968இல் மாற்று உறுப்பு பெற்ற சிலரும் இருந்தனர். 2020இலோ, மூட்டுவாதம், லூபஸ், குடலழற்சி, மாற்று உறுப்பு எனப் பல காரணங்களால் காவலைத் தளர்த்தி வாழும் ஒரு பெருங்கூட்டம் உலகம் முழுவதும் இருந்தது. மதினியின் கேள்விக்கு முன்னோடி இல்லாததன் காரணம் அதுவே. கொள்ளைநோய்களின் வரலாற்றில் அவர் புதியவர்.

*

ஊரடங்கு அவர்களை மூன்று வகையில் தாக்கியது. முதலாவது தொலைவு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. எல்லை மாறிய பின்னும் இவ்வட்டாரத்தினர் பெரிய நோய்க்குத் திருவனந்தபுரம் செல்லும் வழக்கம் மாறவில்லை. புளியரைச் சோதனைச்சாவடி அடைபட்டதும் அந்த வழி அடைந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டவும் இ-பாஸ் வேண்டியிருந்தது. டாக்ரோலிமஸ் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்து அதன் அளவைச் சோதிக்கவும் வேண்டும். அளவு குறைந்தால் சிறுநீரகம் போகும், கூடினால் நஞ்சாகும். கிரேப்ஃப்ரூட் வகைப் பழம் தின்றால்கூட அளவு ஏறிவிடும். அதனால்தான் யாரோ அன்போடு தரும் கஷாயத்தைக்கூட மருத்துவரைக் கேளாமல் அவர்கள் அருந்தக்கூடாது என்பது.

இரண்டாவது தட்டுப்பாடு. மார்ச் இறுதியில், கொரோனாவைத் தடுக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் பரிந்துரைக்கப்பட்டது. மக்களும் வாங்கிக் குவித்தார்கள். பல்லாண்டுகளாக லூபஸுக்கும் மூட்டுவாதத்துக்கும் அதை அன்றாடம் விழுங்கிவந்தவர்கள் கடைகடையாக அலைந்தனர். கொரோனா நோயாளிக்கு அதனால் பயனில்லை என்று ஜூன் மாதத்தில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு காட்டியது. அலைந்தவர்களின் இரண்டு மாதங்களை எந்த ஆய்வும் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது: மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம். நிறுத்தினால் தொற்றை எதிர்க்கலாம். ஆனால் சிறுநீரகம் போய்விடும். பிறகு வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் கூடத்தில் பலரோடு அமர வேண்டும். தொற்றுக்கு அதைவிட வாய்ப்பான இடம் எது? தாமாக நிறுத்தாதீர்கள் என்பதே மருத்துவச் சங்கங்கள் சொன்ன அறிவுரை. தொற்று வந்துவிட்டால் மட்டும், மருத்துவர் பார்த்து ஒன்றிரண்டு மருந்தைக் குறைப்பார்.

அந்த நேரத்தில்தான் வரலாறு ஒரு விந்தையைச் செய்தது. 2020 ஜூன் 16 அன்று அதே ரெகவரி ஆய்வு இன்னொரு முடிவை வெளியிட்டது. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பயனில்லை. காரணம் இதுதான்: நோய் முற்றியபோது நுரையீரலைச் சிதைத்தது கிருமியைவிட, கட்டுக்கடங்காமல் பொங்கிய நோயெதிர்ப்பே. ஊரெல்லாம் கூட்டச் சொன்ன அந்தச் சக்தியை, தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்கள் தணித்துக்கொண்டிருந்தார்கள். உயிர் பிழைக்கக் காவலைத் தளர்த்தியவர்களின் கணக்கில், சில நாட்களுக்கேனும், மற்றவர்களும் வந்து சேர்ந்தனர்.

இதனால் மதினியைப் போன்றவர்களுக்குத் தொற்று எளிதாயிற்று என்று பொருளல்ல. மாற்று உறுப்பு பெற்றவர்களிடையே மரணம் பொதுமக்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. தணிப்பது எப்போது, எவ்வளவு என்பதில் எல்லாம் அடங்கியிருந்தது. 2021இன் இரண்டாம் அலை அதைக் கொடூரமாக நிரூபித்தது. சர்க்கரை நோயும் அளவின்றிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை படர்ந்தது. மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அதற்கான மருந்து ஆம்ஃபோடெரிசினும் மண்ணின் நுண்ணுயிர் தந்ததே, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதும்கூட.

*

தடுப்பூசி வந்தது. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், இணைநோயுள்ள 45 முதல் 59 வயதினருக்கும். இணைநோய்கள் இருபது என்று ஒரு பட்டியல் வெளியாயிற்று. அதில் மாற்றுச் சிறுநீரகமும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதும் இருந்தன. அண்ணன் மகிழ்ச்சியோடு அழைத்தார். மறுநாளே குரல் மாறியிருந்தது: மதினிக்கு வயது 38. நோய் பட்டியலில் இருந்தது; வயது இல்லை. பதினெட்டு வயதைக் கடந்தோருக்கு மே மாதம் திறக்கப்பட்டு, தமிழகத்தில் பரவலாகத் தொடங்கியது அம்மாதம் 20ஆம் தேதி வாக்கில். இடைப்பட்ட வாரங்களில்தான் இரண்டாம் அலை உச்சம் கண்டது. பட்டியல் இட்டவர்களைக் குறை சொல்வது எளிது. ஊசி குறைவாகவும் மக்கள் மிகுதியாகவும் இருந்த காலம். ஆனாலும் "எந்தக் கணக்குல வருவேன்" என்ற கேள்வி என் காதில் மீண்டும் ஒலித்தது.

ஊசி போட்டபின்னும் கதை முடியவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மாற்று உறுப்பு பெற்ற 436 பேரை ஆராய்ந்ததில், எம்.ஆர்.என்.ஏ. ஊசியின் முதல் தவணைக்குப் பின் 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. இரண்டாம் தவணைக்குப் பின் நடந்த ஆய்வில் 54 விழுக்காடு. உறுப்பை ஏற்கச் சொல்லி அமைதிப்படுத்திய உடல், ஊசியின் பாடத்தையும் அரைகுறையாகத்தான் கேட்டது. அமெரிக்கா 2021 ஆகஸ்டிலேயே இவர்களுக்கு மூன்றாம் தவணையை அனுமதித்தது. இந்தியாவில் 2022 ஜனவரியில் தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணை பணியாளர்களுக்கும் அறுபது கடந்த இணைநோயாளிகளுக்கும்தான். மற்ற பெரியவர்களுக்கு ஏப்ரல் 10 முதல், தனியார் மையங்களில்.

ஆக, மதினியைக் காத்தது முதன்மையாக அவருடைய எதிர்ப்பொருள் அல்ல, சுற்றியிருந்தவர்கள். அண்ணன் திண்ணையிலேயே சட்டையைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பக்கத்து வீட்டார் தம் மகள் திருமணத்துக்கு அழைக்க வந்து, வாசலிலேயே நின்று பத்திரிகையை வைத்துவிட்டு, "நீங்க வரவேண்டாம் தாயி, மனசுல வாழ்த்துங்க" என்று சொல்லிப் போனார்கள். அருவியில் குளிக்கத் தடை இருந்ததால் 2020இன் சீசனில் குற்றாலம் கூட்டமின்றிக் கிடந்தது. வடகரையின் அந்த வீடும் அப்படியே. ஒருவரின் நோயெதிர்ப்பு அவருடைய இரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. தென்காசி செல்லும் பேருந்தில் மதினி இன்றும் முகக்கவசம் அணிகிறார். "இன்னுமா?" என்று சிரிப்பவர்களுக்கு அவர் விளக்கம் சொல்வதில்லை. தாயார் இப்போது இல்லை. அவர் கொடுத்தது மகளிடம் இருக்கிறது. எட்டு மணிக்குக் கைபேசி ஒலிக்கும்போது, பேச்சை நிறுத்திவிட்டு மதினி எழுந்து செல்கிறார்.