மானுக்கு வேலியா, குழாயா?

மான் அழகுதான். ஆனால் தோட்டத்தில் மரக்கன்று நட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்! நுனிக்குருத்தைக் கடித்துவிட்டால் கன்று நேராக வளராது. ஆண் மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்றே பட்டுப்போகும்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மானை விரட்டுவதே வம்பு. அரச வனம் என்று அறிவித்த பகுதிகளில் மான்கள் மன்னருக்கு உரியவை. அங்கே குடியிருந்தவர்களின் நாய்கள் மானைத் துரத்தாதபடி முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவார்கள். 1217இல் வந்த வன சாசனம் பல கெடுபிடிகளைத் தளர்த்தியது. ஆனால் இதை ஒழிக்கவில்லை. வெட்டாத நாய்க்கு 3 ஷில்லிங் அபராதம் என்றது.

சரி, வேலி போடலாமே? அதில் ஒரு கணக்கு இருக்கிறது. செலவு சுற்றளவுக்கு, பலன் பரப்பளவுக்கு. பெரிய தோப்புக்குக் கட்டுப்படியாகும். வீட்டுத் தோட்டத்தின் பத்துக் கன்றுக்குக் கட்டாது.

1979இல் பிரிட்டிஷ் வனவியல் ஆணையத்தின் கிரஹாம் டூலி இதற்கு வழி கண்டார். கன்றுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், வெளிச்சம் உள்ளே போகும்படி! முயலுக்கு 60 செ.மீ., சிறிய ரோ மானுக்கு 1.2 மீட்டர், செம்மானுக்கு 1.8 மீட்டர் உயரம் வேண்டும். உள்ளே கதகதப்பும் ஈரமும் தங்கியதால் கன்று விறுவிறுவென்று உயர்ந்தது. இரட்டை இலாபம்!

ஆனால் மரம் வளர்ந்தபின் பல இடங்களில் குழாயைக் கழற்ற யாரும் வரவில்லை. அது வெயிலில் நொறுங்கி மண்ணில் கலந்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் குழாய்களைக் கைவிடுவதாக 2021இல் உட்லண்ட் டிரஸ்ட் அறிவித்தது.

குழாய் வாங்குபவர்கள் கழற்றும் கூலியையும் அன்றே கணக்கில் எழுதிவிடுவது நல்லது. எழுதாத செலவை மண் கட்டுகிறது.