சத்திரசிகிச்சைக்கூடத்தின் பணிச்சுமை: ஒரு வரலாற்று நோக்கு

சத்திரசிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் சத்திரவைத்தியரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியைச் சூழ்ந்து நின்ற ஏனையோரின் உழைப்பு அதில் உரிய இடம் பெறவில்லை. ஒவ்வொரு புதுமையும் எவர் சுமையைக் குறைத்தது, எவர் சுமையைக் கூட்டியது என்று நோக்கின், அவ்வரலாறு வேறொரு வடிவில் தோன்றும்.

மயக்கமருந்து தோன்றுமுன், உதவியாளரின் தலையாய பணி நோயாளியை அசையவொட்டாது பிடித்திருத்தலாகும். 1846 ஒக்ரோபர் 16ஆந் திகதி, பொஸ்ரன் நகர மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் உவில்லியம் மோட்டன் ஈதரின் பயனை நிறுவிக்காட்டினார். அதன்பின் அப்பணி அருகியது. ஆயின், மூச்சையும் நாடியையும் இடையறாது கண்காணிக்கும் புதுப்பணி பிறந்தது. 1867இல் யோசேப்பு லிஸ்ரர் வெளியிட்ட கிருமியழிப்பு முறை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும், அத்தகைய முறைகள் தாதியரின் கைகளை வருத்தின. அமெரிக்காவின் யோன்சு கொப்கின்சு வைத்தியசாலையில், கிருமிகொல்லிக் கரைசலாற் புண்பட்ட கரொலைன் கம்ரன் என்னுந் தாதியின் கைகளைக் காக்கவே, 1889ஆம் ஆண்டளவில் உவில்லியம் கால்ஸ்ரெட் இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். இன்று நோயாளியைக் காக்கும் கையுறை, அன்று ஒரு பணியாளரின் துன்பந் துடைக்கப் பிறந்ததென்பது சிந்திக்கற்பாலது.

யந்திரக் கரங்களின் வரலாறும் இத்தகையதே. 1985இல் கலிபோர்னியாவில், மூளையினுள் ஊசியைச் செலுத்த வழிகாட்டும் பணியில் தொழிற்சாலை யந்திரக் கரமொன்று ஈடுபடுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ‘டா வின்சி’ யந்திரம் அமெரிக்க அரசின் அநுமதி பெற்றது. சத்திரவைத்தியர் நோயாளியை விட்டு விலகி அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைக் கண்டு கரங்களை இயக்கலாயினர். நெடுநேரம் குனிந்து நிற்கும் உடல்வருத்தம் அவருக்குக் குறைந்தது.

ஆனால், அச்சுமை முற்றும் மறைந்துவிடவில்லை. கரங்களுக்குத் தூய உறையிடல், அவற்றை நோயாளியின்பால் பொருத்துதல், கருவிகளை மாற்றுதல், இடர் நேரின் கரங்களை விரைந்து அகற்றுதல் ஆகியன தாதியருக்கும் படுக்கையருகு நிற்கும் உதவி வைத்தியருக்கும் உரியவாயின. முன்பு கண்குறிப்பால் உணர்த்தப்பட்டவற்றை இப்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஏனெனில், வைத்தியரின் முகம் காட்சிப்பேழையினுள் மறைந்துள்ளது. 2001 செப்ரெம்பரில் நியூயோர்க்கிலிருந்த யாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கிலிருந்த பெண்ணொருவரின் பித்தப்பையை ‘சேயுசு’ என்னும் யந்திரத்தின்வழி அகற்றியபோதும், நோயாளியின் அருகே ஒரு குழுவினர் நிற்கவேண்டியிருந்தது.

இச்சுமையை அளத்தற்கும் ஒரு கருவியுண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவைச் சார்ந்த அறிஞர் 1988இல் வெளியிட்ட அளவுகோல், மனவுழைப்பு, உடலுழைப்பு, கால நெருக்கடி, செயற்பேறு, முயற்சி, மனச்சலிப்பு என்னும் ஆறினையும் பணியாளர் வாயிலாகவே மதிப்பிடுவது. அது இன்று சத்திரசிகிச்சைக்கூடத்திலும் பயன்படுகின்றது. அவ்வினாக்கள் வைத்தியரிடம் மட்டுமன்றித் தாதியரிடமும் மயக்கமருந்து வைத்தியரிடமும் கேட்கப்படல் வேண்டும். ஒருவர் தோளினின்று இறங்கிய பாரம் மற்றொருவர் தோளில் ஏறியிருப்பின், அதனைக் குறைவென்று கணக்கிடல் பிழையாகும். களைத்த குழுவின் தவறு ஈற்றில் நோயாளியையே சாருமாதலின், இக்கணக்கு அவருடைய உயிர்க்கணக்குமாம்.