பிறபொருளெதிரி

ஆன்டிபாடி என்பதை இலங்கைப் பாடநூல்கள் இப்படிச் சொல்கின்றன, தமிழ்நாட்டில் 'எதிர்ப்பொருள்'. மூலம் ஜெர்மன் மொழி: 1891இல் பால் எர்லிக் பயன்படுத்திய 'ஆன்டிகோர்ப்பர்'. ஆன்டி என்றால் எதிர். கோர்ப்பர் என்றால் உடல், திடப்பொருள். 'பிற' என்பது அதில் இல்லை, தமிழ் சேர்த்தது. எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை.

ஏன் என்பதற்கு நரம்பு வளர்ச்சிக் காரணியின் கதையே போதும். ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்து முயலுக்குச் செலுத்தினார்கள். முயலுக்கு அது பிற பொருள். முயலின் உடல் எதிரியை உண்டாக்கியது. அந்த எதிரி இருந்த முயல் சீரத்தைப் புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் சில நாள் ஊசியில் ஏற்றினார்கள். எதிரி குஞ்சுகளின் உடலிலிருந்த அந்தப் புரதத்தை முடக்க, முதுகெலும்பின் இருபுறமும் மணிகோத்தாற்போல் இருக்கவேண்டிய பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய அழிந்தேபோயின. குஞ்சுகளோ உயிரோடு வளர்ந்தன. அந்த நரம்பணுக்கள் பிழைத்திருக்க இந்தப் புரதம் வேண்டும் என்பது 1960இல் இப்படித்தான் உறுதியானது.

முயலுக்குப் பிறபொருள், எலிக்குத் தன்பொருள். யாருக்குப் 'பிற' என்று கேட்கவைக்கும் சொல் 'எதிர்ப்பொருள்' அல்ல. நம் பாடநூல்களும் பிறபொருளெதிரியையே எடுத்துக்கொள்ளலாம்.