கிணறு வெட்டக் காடு கிளம்பிய ஊர்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை எல்லோருக்கும் தெரியும். நெய்வேலியில் கிளம்பியது பூதமல்ல, ஒரு காடு.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, நீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. வேறொருவராக இருந்தால் குழியை மூடிவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போயிருப்பார். முதலியார் விஷயத்தை அரசாங்கத்தின் காதில் போட்டார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, நெய்வேலி அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டு மண்ணில் வரிசையாகத் துளையிட்டுப் பார்த்தது. கீழே இருந்தது பழுப்பு நிலக்கரி.

அன்றைய சென்னை மாகாணத்துக்குச் சொந்தமாக நிலக்கரி கிடையாது. வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. அதனால் இந்தக் கண்டுபிடிப்பு அப்படியே கிடப்பில் போகவில்லை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை வாரி வாரிக் கொட்டி, கறுப்புப் படுகையைக் கண்ணால் பார்த்தபோது 1961 பிறந்திருந்தது.

அந்தப் படுகைதான் காடு. இன்று முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாகக் கிடக்கும் இந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலோரச் சதுப்பு நிலம். விழுந்த மரமும் இலையும் தேங்கிய நீரில் மூழ்கின. காற்றுப் படாததால் முழுதாக மட்கவில்லை. அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்ந்தன. பிறகு ஆறுகள் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் மேலே ஏறி அமுக்கின. இன்று 10 முதல் 20 மீட்டர் கனத்தில் அது படுத்திருக்கிறது.

சுரங்கத்திலிருந்து வந்த கட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் ஈரம் தெரியும். அதன் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். நாலு நாள் வெயிலில் கிடந்தால் வெடித்து உதிரும். சில துண்டுகளில் மரத்தின் இழை அப்படியே தெரியும். தச்சுப் பட்டறையில் ஒதுக்கிப்போட்ட பழைய கட்டை என்றே தோன்றும்.

தண்ணீர் இந்தக் கதையை விட்டுப் போகவே இல்லை. சதுப்பு நீர் காட்டைக் காப்பாற்றியது. தண்ணீர் தேடியபோது அது வெளிப்பட்டது. தோண்ட இறங்கினால் மறுபடியும் தண்ணீர். படுகைக்கு அடியில் ஊற்றுநீர் கடும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை வெடித்து வெள்ளம் ஏறாமல் இருக்கும்.

அது என்ன காடு என்று கேட்டால் பதில் சொல்வது கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் துகள். இலை நசுங்கிப் போகும், மரம் கரியாகும். மகரந்தத்தின் மேலோடு மட்டும் அமிலத்துக்கே அசையாது. ஆய்வாளர்கள் கரித்துண்டைப் பொடித்து நைட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள், காரக் கரைசலில் அலசுவார்கள், சலித்து எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். தாவரவியலாளர் சி.ஜி.கே. ராமானுஜம் நெய்வேலிக் கரியின் மகரந்தங்களை இப்படி ஆராய்ந்து 1966-ல் வெளியிட்டார். பெரணிகளின் வித்துகளும் பனைக் குடும்பத்தின் மகரந்தமும் நுண்ணோக்கியில் தெரிந்தன. வெக்கையும் விடாத மழையுமாக இருந்த பசுமைக் காடு அது.

வயது விஷயத்தில் மட்டும் வழக்கு தீரவில்லை. மயோசீன் காலத்தது, அதாவது சுமார் இரண்டு கோடி ஆண்டு என்றே நெடுநாள் எழுதினார்கள். பின்னர் வந்த மகரந்த ஆய்வுகள் சில அதை ஈயோசீனுக்கு, மூன்றரைக் கோடி ஆண்டுக்கும் அப்பால், தள்ளின.

கரிப் படுகைக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். அதே மணற்கல் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் உண்டு. அங்கே மரங்கள் கரியாகாமல் கல்லாயின. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் புகுந்து, மரம் போய்க் கல் வந்தது. அசுரனின் எலும்புகள் என்று ஊரில் கதை சொல்வார்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதினார். வேரோ கிளையோ பட்டையோ இல்லாத வெறும் அடிமரங்களாகவே கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ அடித்து வந்து போட்டவை என்கிறார்கள். இன்று அந்த இடம் தேசியக் கல்மரப் பூங்கா. வேலி உண்டு, காவல் உண்டு, ஒரு சில்லைக்கூட எடுத்துவர முடியாது.

கல்லான மரத்துக்குப் பூங்கா கிடைத்தது. கரியான மரத்துக்குக் கொதிகலன் கிடைத்தது.

தோண்டுவதிலும் இரண்டு விதம். நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி பக்கம் மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை 2024-ல் அகழாய்வைத் தொடங்கியது. அங்கே குழிக்கு அளவு உண்டு. கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைச் சுரண்டி, ஓடு கிடைத்தால் ஆழத்தைக் குறித்துக்கொண்டுதான் எடுப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றுக்கு அவ்வளவு பொறுமை. சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் ஜெர்மானியப் பக்கெட் வீல் எந்திரம் சுழலும்போது கோடி ஆண்டுகள் கன்வேயர் பெல்ட்டில் ஏறி நேராக அனல் மின் நிலையத்துக்குப் போய்விடும்.

இதற்காகச் சுரங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இவ்வளவு ஆழத்துக்கு யாரும் மகரந்தத்துக்காக மட்டும் தோண்டியிருக்க மாட்டார்கள். கரி வேண்டும் என்று வெட்டியதால்தான் ராமானுஜத்தின் கையில் அந்தத் துண்டு வந்து சேர்ந்தது.

ஆனால் கரி எடுத்து முடித்த குழிகளை மண் கொட்டி மூடி, மரம் நட்டுவிடுகிறார்கள். மூடுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு மூலையில், மணற்கல்லும் களிமண்ணும் கறுப்புப் படுகையும் வரிசையாகத் தெரிகிற ஒரே ஒரு வெட்டுச் சுவரையாவது விட்டுவைக்கலாம். நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று, தங்கள் வீட்டு விளக்கு எந்தக் காட்டில் எரிகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.