‘பை’ மட்டும் போதாது

ஆங்கிலச் செயப்பாட்டு வினை என்றதும் கை தானாக ‘பை’ என்று எழுதிவிடுகிறது. அச்சொல்லின் ஆதிப் பொருளோ ‘அருகில்’. ‘பை த ரிவர்’ என்றால் இன்றும் ஆற்றோரம்தான். செய்தவரைச் சுட்டப் பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்ரம்’ போன்றவையும், பின்னர் ‘ஆஃப்’ என்பதும் வழங்கின. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இந்த ‘ஆஃப்’ உண்டு. அந்த இடத்தை ‘பை’ மெல்லப் பிடித்தது, முழுவதையும் அல்ல.

மிஞ்சிய இடங்களில்தான் நுட்பம் இருக்கிறது. ‘திருடனால் வெட்டப்பட்டான்’, ‘கத்தியால் வெட்டப்பட்டான்’ இரண்டுக்கும் தமிழில் ‘ஆல்’ ஒன்றே. ஆங்கிலம் ஆளுக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’ எனப் பிரிக்கிறது. ‘நோன் டு மீ’ என்பதிலுள்ள ‘டு’, ‘எனக்குத் தெரிந்த’ என்பதன் நான்காம் வேற்றுமைக்கு நேர். அறிபவர் அங்கே எதையும் செய்வதில்லை. மேசை ‘மேட் ஆஃப் வுட்’, மரம் மரமாகவே தெரிகிறது. காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’, மரம் உருமாறிவிட்டது. ‘சர்ப்ரைஸ்டு அட்’, ‘சர்ப்ரைஸ்டு பை’ இரண்டும் சரிதானே, பிறகென்ன விதி என்று கேட்கலாம். சரிதான், ஆனால் ‘பை’ வியப்பூட்டியதை முன்னிறுத்த, ‘அட்’ வியந்தவர் மனநிலையை நோக்கிச் சாய்கிறது. எல்லைக்கோடு மங்கலாக இருப்பதால் எல்லையே இல்லை என்றாகிவிடாது.