வெடக்கோழியும் சாயக்குஞ்சும்

சின்ன வயதில் சந்தையில் சாயக்குஞ்சு வாங்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. பச்சை, ரோஸ், ஊதா என்று கூடை நிறையக் கத்திக்கொண்டிருக்கும். நான் நாலைந்து தடவை வாங்கியிருப்பேன். "பெட்டையாப் பார்த்துக் குடுங்க" என்று அம்மா கேட்பார். "எல்லாமே பெட்டைதானுங்க அக்கா" என்பார் கூடைக்காரர். பாதி ஒரு வாரத்தில் செத்துவிடும். பிழைத்ததெல்லாம் சாயம் போய், வெள்ளை இறகு முளைத்து, சேவலாகத்தான் நின்றது. ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை.

அப்போது அதை எங்கள் துரதிர்ஷ்டம் என்று நினைத்தோம். துரதிர்ஷ்டம் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது இப்போதுதான். போன வருடம் வீட்டுக்குப் பின்னால் பத்து நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிவிட்டு, எது பெட்டை, எப்போது முட்டைக்கு வரும், என்ன தீனி போடுவது என்று தேடப்போனபோது எடுத்த குறிப்புகள் இவை.

வாரத்துக்கு விட்ட கோழி

முதல் முட்டை வைக்காத இளம்பெட்டைக்கு எங்கள் பக்கம் வெடக்கோழி என்று பெயர். எழுத்தில் விடைக்கோழி. இதற்கென்று தனிச்சொல் இருப்பதே அதன் மதிப்பைச் சொல்கிறது. குஞ்சு பிழைக்குமா என்பது நிச்சயமில்லை, கிழட்டுக்கோழி குழம்புக்கு. வெடக்கோழிதான் கையில் இருக்கும் முதல்.

என் அம்மாயி கோழியை வாரத்துக்கு விடுவார். கோழி இவருடையது, வளர்ப்பது இன்னொரு வீட்டுக்காரம்மா, பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. ஆனால் குஞ்சு இறங்கியதும் பங்கு பிரிக்க மாட்டார். "கொண்டை தெரியட்டும்" என்பார். எல்லாச் சேவலும் ஒருத்தர் பங்கில் விழுந்தால் அது பங்கல்ல. சேவல் ஆடி மாசத்தில் மாரியம்மனுக்கோ முனியப்பனுக்கோ ஒரு தடவை விலை போகும். பெட்டை இருந்தால் மறுபடி முட்டை, மறுபடி குஞ்சு. அந்தக் காசு பெண்களின் சிறுவாடு. வீட்டு ஆண்கள் கணக்குக் கேட்காத பணம் அநேகமாக அது ஒன்றுதான்.

ஆகவே சேவல் பெட்டை பார்ப்பது காசு சம்பந்தப்பட்ட விஷயம். அதற்கு அவர்கள் வைத்திருந்த முறை பொறுமை. இரண்டு மாதத்தை ஒட்டிச் சேவலுக்குக் கொண்டை பெரிதாகிச் சிவக்கும், கால் தடிக்கும். மூன்று மாதம் ஆனால் கழுத்திலும் இடுப்பிலும் வரும் புது இறகின் நுனியைப் பார்க்கலாம். கூராக இருந்தால் சேவல், மழுங்கலாக இருந்தால் பெட்டை. பிறகு வாலில் அரிவாள் மாதிரி வளையும் இறகு. அதற்கப்புறம் சந்தேகமே இல்லை.

முட்டையைப் பார்த்தே சொல்லலாம் என்றும் அம்மாயி நம்பினார். கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை. இது நம்மூர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்திருந்தேன். ரோமானியரான கொலுமெல்லாவும் இதையேதான் எழுதியிருக்கிறார். அவருக்கு முந்தைய அரிஸ்டாட்டில் நேர் எதிராக, நீண்ட கூர்முட்டைதான் பெட்டை என்றார். இரண்டும் தவறு. கோழிகளில் பாலைத் தீர்மானிப்பது தாயின் குரோமோசோம். ஓடு உருவாகும் முன்பே அது முடிந்துபோகிறது. முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜப்பானிலிருந்து வந்த விரல்

இரண்டாயிரம் வருடம் யாராலும் முடியாததை 1920-களில் ஜப்பானியர் செய்தார்கள். கியோஷி மாசுய் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும், பிறந்த அன்றே குஞ்சின் எச்சத்துவாரத்தை மெதுவாக விரித்து, உள்ளே இருக்கும் ஊசிமுனை அளவு புடைப்பைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று பிரிக்கலாம் என்று காட்டினார்கள். 1927-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழியியல் மாநாட்டில் இது வெளியுலகுக்கு வந்தது. 1930-களில் ஜப்பானிய நிபுணர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று போய் வேலை செய்தார்கள், கற்றும் கொடுத்தார்கள். தேர்ந்த ஆள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சை ஒட்டிப் பிரிப்பார்.

பிறகு இன்னும் சுலபமான வழி வந்தது. இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தந்தையையும் சேர்த்தால், மகள்களுக்கு வேகமாக முளைக்கும், மகன்களுக்கு மெதுவாக. ஒருநாள் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்தாலே போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது திட்டமிட்டு இணைசேர்த்த பண்ணை ரகத்துக்கு மட்டும்தான். வீடியோ பார்த்து நாட்டுக்குஞ்சின் சிறகை விரிப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். நானும் ஏமாந்தேன். பத்தில் ஆறு பெட்டை என்று எண்ணி வைத்திருந்தேன்; நாலுதான்.

நாமக்கல்

நம் பக்கத்துக் கதையைத் தெற்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், வெள்ளை லெகார்ன் கோழிகளைக் கொண்டுவந்து, கிராமத்தார் முட்டையைக் கூட்டுறவாக விற்கக் கற்றுக்கொடுத்தார். சேவலைப் பிரித்துவிட்டால் முட்டையில் கரு வளராது, வெயிலிலும் பல நாள் கெடாது என்பது அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று. முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்ற எண்ணம் வியாபாரமாக மாறியது இப்படித்தான்.

சேலம் ஜில்லாவின் நாமக்கல் பகுதி மழை குறைந்த பூமி. கிணறு வற்றியவர்கள் லாரிக்குப் போனார்கள், கோழிக்கும் போனார்கள். மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் வெளியூரிலிருந்து ஏற்றிவர, முட்டையை இறக்கிவர, லாரி உள்ளூரிலேயே இருந்தது. 1982-ல் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார்; விலை சொல்லும் உரிமை இடைத்தரகரிடமிருந்து பண்ணைக்காரரிடம் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் முட்டை சேர்ந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்று உண்டு. முட்டை ரகத்தில் சேவல் முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது. பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல். அவை முதல் நாளே கழிக்கப்படுகின்றன. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஜெர்மனி போன்ற சில நாடுகள் மட்டும் சட்டம் போட்டு நிறுத்தின; ஜெர்மனியில் இது 2022 முதல். கழித்ததில் கொஞ்சம் சாயம் ஏறிச் சந்தைக்கு வரும். என் பச்சைக்குஞ்சு சேவலானதில் அதிசயமே இல்லை. பெட்டை எல்லாம் ஏற்கெனவே பண்ணைக்குப் போய்விட்டது.

சுண்ணாம்புக் கணக்கு

தீனி விஷயத்தில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். மூன்று மாதக் குஞ்சுக்குச் சத்து என்று நினைத்து முட்டைத்தீவனம் வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் போட்டதில் இரண்டு செத்தன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரலின் மேலும் இருதயத்தின் மேலும் வெள்ளையடித்த மாதிரி ஒரு படலம். சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமில உப்பு படிந்திருக்கிறது என்றார். தண்ணீர் குறைந்தாலும் இது வரும். என் விஷயத்தில் தீவனத்தைத்தான் அவர் சந்தேகப்பட்டார்.

முட்டைத்தீவனத்தில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு சதவீதமே போதும். மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். முட்டைக்கு வந்த கோழிக்கோ ஓடு ஒன்றுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுக்கும், ஓடு மெலிந்து தோல்முட்டை வரும். எனவே எந்தத் தீவனம் என்பதைவிட, எப்போது மாற்றுவது என்பதுதான் கேள்வி.

பண்ணையில் வயதை வாரக்கணக்கில் எண்ணி மாற்றுகிறார்கள். நாட்டுக்கோழி வாரக்கணக்குக்கு அடங்காது. ஆறு மாதத்திலும் வைக்கும், ஏழும் ஆகும். பக்கத்து வீட்டு ஆத்தா வந்து பார்த்துச் சொன்னார்: "தீவனத்த நிறுத்து கண்ணு. கம்பும் தவிடும் போடு. கொண்டை செவந்து, கைய வெச்சாக் குந்தோணும். அப்பப் பார்த்துக்கலாம்." பின்பக்கத்தில் இருபுறமும் துருத்தும் எலும்புக்கு நடுவே விரல் வைத்துக் காட்டினார். வெடக்கோழிக்கு ஒரு விரல்தான் நுழையும். இரண்டு விரல் நுழைந்தால் நாள் நெருங்கிவிட்டது. முட்டையிடும் கோழிக்கு மூன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்டர் ஹோகன் என்பவர் புகழ்பெற்றதும் இந்த விரல் கணக்கால்தான். ஆத்தா அவரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இரண்டு விரல் வந்ததும் கிளிஞ்சல் நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தேன். வேண்டிய கோழி கொத்தும், வேண்டாதது விட்டுவிடும். கம்பு, சோளம், கொஞ்சம் கடலைப்புண்ணாக்கு. புண்ணாக்கில் பூஞ்சணம் இருந்தால் தொடவே கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தது கடலைப்புண்ணாக்கின் பூஞ்சண நஞ்சால்தான். அஃப்ளாடாக்ஸின் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

போன மாதம் முதல் முட்டை கிடைத்தது. சின்னதாக, ஓட்டில் துளி ரத்தத்தோடு. முதல் முட்டை அப்படி இருப்பது உண்டு. ஆத்தாவிடம் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சேவல் மிச்சம் எத்தன வெச்சிருக்கற?" என்று கேட்டார். அஞ்சு என்றேன். "ஒண்ண வெச்சுக்க. மிச்சத்த ஆடிக்குக் குடுத்துரு. வித்த காச உம் பொண்டாட்டி கையில குடு, நீ வெச்சுக்காத" என்றார்.

அம்மாயி இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.