ஆரணித் தறியும் கேளாச் செவியும்

ஓசை ஒன்றையே ஊர்தியாகக் கொண்ட வானொலியில், ஓசை அறியாக் குழந்தைகளைப் பற்றிப் பேச முற்படுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும், அக்குழந்தைகளைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா? அவர்களை எண்ணியே பேசுகிறேன்.

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனோடு அமையாது கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். எழுத்தறியாதவனும் செவிவழியே அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செவிவழியே அடைபட்டவனுக்கு யாது வழி? நெடுங்காலம் நாம் அதை எண்ணிப் பார்க்கவில்லை. 'ஊமை' என்று பெயரிட்டு ஒதுக்கினோம். பெரும்பாலும் அவன் நாவில் குறையில்லை. கேளாத சொல்லை நா பேசாது, அவ்வளவே.

1890-களில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்னும் ஆங்கில மாது பாளையங்கோட்டையில் கேளாதோர்க்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அந்நாளில் ஐரோப்பாவில் வேறொரு காற்று வீசியது. 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்மொழியே சிறந்தது, கைச்சைகை ஆகாது என்று தீர்மானித்துவிட்டது. பல நாட்டுப் பள்ளிகளில் குழந்தைகளின் கைகளைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது என்பேன். அம்மாநாட்டின் வழிவந்தோர் 2010-ல் வான்கூவரில் கூடி அதற்கு வருத்தம் தெரிவித்தனர். 130 ஆண்டுகள் கழித்து!

இதற்கிடையே அறிவியல் மற்றொரு கதவைத் திறந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய பழைய காதுக் கருவிகளுக்குக் கனத்த மின்கலங்களை உடம்பில் கட்டிச் சுமக்க வேண்டியிருந்தது. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வானொலிப் பெட்டியைக் கைக்கு அடக்கமாக்கிய அச்சிறு பொருள், அதற்கும் முன்னரே, 1952-ன் இறுதியில் காதுக் கருவியில் இடம்பெற்றது. நாளடைவில் கருவி சட்டைப்பையை விட்டுச் செவியின் பின்புறம் ஏறிக்கொண்டது.

கருவி வந்தால் மட்டும் மொழி வந்துவிடுமா? வாராது. 1969-ல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா, பள்ளிப் பருவத்துக்கு முந்திய சின்னஞ்சிறு மக்களையே ஏற்று, பெற்றோரையும் பயிற்சியில் பங்குகொள்ளச் செய்தது. மொழி வேரூன்றும் காலம் முதல் சில ஆண்டுகளே என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

நான் ஆரணிக்காரன். எங்கள் ஊரில் வீடே தொழிற்கூடம். நாடா ஓடும் ஓசையும் பன்னை அடிக்கும் ஓசையும் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். காதுக் கருவி பேச்சை மட்டும் பெரிதாக்குவதன்று, தறியோசையையும் சேர்த்தே பெரிதாக்கும். கருவி பூண்ட குழந்தை அதைப் பிடுங்கி எறிந்தால் பிடிவாதம் என்று அடிப்பவர்கள் உண்டு. தறி ஓடாத அறைக்கு அழைத்துச் சென்று, முகம் பார்த்து, அருகிருந்து பேசுங்கள். குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது. செவிக்குள் பொருந்தும் அச்சையும் அவ்வப்போது மாற்றவேண்டும். தளர்ந்த அச்சு கீச்சென்று ஒலிக்கும்.

அக்காள் மகளை மணக்கும் வழக்கம் பிறவிக் கேளாமைக்கு ஒரு காரணமாகிறது என்பதை மருத்துவர்கள் பன்முறை எடுத்துரைத்துள்ளனர். கருவுற்ற தாயைத் தாக்கும் ருபெல்லா மற்றொரு காரணம். அதைத் தடுக்கும் ஊசி இயக்கம் 2017-ல் தமிழ்நாட்டில் நடந்தது.

கருவியாலும் பயன்பெறாத குழந்தைகளுக்குச் செவியின் உட்சுருளில் பொருத்தும் காக்ளியர் கருவி உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதுவும் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆறு வயதுக்கு உட்பட்டோர்க்கே. "இந்தப் பாவு இறங்கட்டும், கூலி வாங்கிக்கொண்டு பார்ப்போம்" என்பது எங்கள் தெருவின் வழக்குமொழி. பாவு இறங்கும், அடுத்த பாவும் ஏறும். இதற்குள் குழந்தைக்கு ஒரு வயது கூடிவிடும். கைதட்டினால் திரும்பாத குழந்தை வீட்டில் இருந்தால், பாவு பாதியில் நின்றாலும் நிற்கட்டும். வேலூருக்கு அழைத்துச் சென்று செவியைச் சோதித்து வாருங்கள்.